கூடத்தில் ஆள் தூங்கும்போது தட்ட ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு

உங்கள் நிலைமையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே கேள்வியோடு வருகிற மற்றவர்களுக்கும் பயன்படும். ஜெய்ஹிந்த்புரத்தில் ஒரு கூடமும் ஓர் அறையும் உள்ள வாடகை வீடு. வேலை இரவில். அம்மாவும் குழந்தையும் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். நீங்கள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு விடியும்வரை தட்டுகிறீர்கள், பாதி ஆங்கிலம், பாதி தமிழ். ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஸ்பிரிங் வைத்த தனி சுவிட்ச் உள்ள மெக்கானிக்கல் கீபோர்டுக்கு 3,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறீர்கள், மிஞ்சினால் 4,500. கடையில் ப்ளூ சுவிட்ச் போட்ட ஒன்றைக் காட்டி, சத்தம் அதிகமாகத் தெரிந்தால் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வாங்கலாமா என்பது கேள்வி.

வாங்காதீர்கள். ப்ளூ சுவிட்சின் 'கிளிக்' சத்தத்தை ஓ-ரிங் குறைக்காது. அது ஏன் என்று புரிந்துகொண்டால் மீதி முடிவுகளை நீங்களே எடுத்துவிடலாம், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு விசையை அழுத்தி விடும்போது ஒரே ஒரு சத்தம் கேட்பதுபோலத்தான் இருக்கும். உண்மையில் நாலைந்து சத்தங்கள் சேர்ந்து வருகின்றன. விசை கீழே போய் அடியில் மோதுவது ஒன்று. விரலை எடுத்ததும் ஸ்பிரிங் தள்ளி, சுவிட்சுக்குள் ஏறி இறங்கும் உள்தண்டு சுவிட்சின் மேல்மூடியில் வந்து இடிப்பது இன்னொன்று. ஸ்பேஸ், ஷிப்ட், என்டர் போன்ற நீள விசைகளின் அடியில் அவை சாயாமல் இருக்க ஒரு கம்பி இருக்கும். ஸ்டெபிலைசர் என்பார்கள். அந்தக் கம்பி தன் பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஆடி எழுப்பும் கடகடப்பு மூன்றாவது. இந்த அதிர்வெல்லாம் கீபோர்டின் வெற்றுப் பெட்டிக்குள் சுற்றி, மேஜைக்கு இறங்கி, மேஜை எழுப்பும் சத்தம் நான்காவது. ப்ளூ சுவிட்சில் இவற்றோடு ஐந்தாவதாக ஒன்று உண்டு, அந்தக் 'கிளிக்'. உள்தண்டை இரண்டு துண்டாகச் செய்து, பாதி வழியில் ஒரு துண்டு சட்டென்று விடுபட்டு இடிக்கும்படி வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள். சத்தம் போடுவதுதான் அந்தத் துண்டின் வேலையே.

ஓ-ரிங் என்பது கீகேப்பின் (விரல் படும் மேல் தொப்பி) அடியில், தண்டைச் சுற்றி மாட்டும் சின்ன ரப்பர் வளையம். விசை அடியில் மோதும் சத்தத்தை மட்டும் அது தணிக்கும். திரும்பி வரும்போது மேலே இடிப்பதை அது தொடுவதே இல்லை. கிளிக் நடப்பது சுவிட்சின் வயிற்றுக்குள், அங்கே வளையத்துக்கு வழியே கிடையாது. ஆக, மற்ற நான்கையும் வாங்கிய பிறகு வீட்டில் வைத்துச் சரிசெய்ய முடியும். கிளிக்கை மட்டும் வாங்கும்போதே தவிர்த்துவிட வேண்டும்.

கடைகளில் ஏன் ப்ளூவையே முதலில் எடுத்துக் காட்டுகிறார்கள் என்றால், சாதாரணக் கீபோர்டிலிருந்து வருபவருக்கு வித்தியாசம் உடனே தெரிவது அதில்தான். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் பகல் நேரத்தில், ஆட்டோ ஹாரனுக்கும் பஸ் சத்தத்துக்கும் நடுவில் நாலு விசையைத் தட்டிப் பார்த்தால் எந்தக் கீபோர்டும் அமைதியாகத்தான் தோன்றும். அதையே ராத்திரி இரண்டு மணிக்கு, டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள பத்துக்குப் பத்து அறையில் கேட்பது வேறு. நம் வீடுகளில் கம்பளம் கிடையாது, கனத்த திரைச்சீலை கிடையாது, சத்தத்தை உறிஞ்ச ஒன்றுமே இருக்காது. சீரான சத்தத்துக்குக் காது சீக்கிரம் பழகிவிடும். ஃபேன் சத்தத்தில் குழந்தை நன்றாகத் தூங்குகிறது, தறி ஓடும் தெருவில் குடியிருப்பவர்களும் தூங்குகிறார்கள். விட்டு விட்டு, கூரான ஒலியாக வருவதற்குத்தான் காது பழகுவதில்லை. சித்திரையில் ஃபேன் முழு வேகத்தில் ஓடும்போது எடுபடாத கீபோர்டு, மார்கழியில் ஃபேனை நிறுத்தியதும் எடுபடும். எதைச் சோதித்தாலும் ஃபேனை நிறுத்திவிட்டு, கதவுக்கு வெளியே வேறொருவரை நிற்கவைத்துச் சோதியுங்கள். தட்டுகிறவர் காதை நம்ப முடியாது.

சரி, எந்த சுவிட்ச்? இன்று சந்தையில் உள்ள பெரும்பாலானவை ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த எம்எக்ஸ் அமைப்பைப் பின்பற்றியவை. அதன் காப்புரிமை 2014 வாக்கில் முடிந்த பிறகு அவுடெமு, கேட்டரான், கைல் போன்ற சீன நிறுவனங்கள் அதே அளவில் ஏராளமாகச் செய்யத் தொடங்கின. இந்த விலைக்கு மெக்கானிக்கல் கீபோர்டு கிடைப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். நிறப்பெயர்களும் அங்கிருந்தே வந்தவை. ப்ளூ கிளிக் உள்ளது. பிரவுன் நடுவில் விரலுக்கு ஒரு சின்னத் தடங்கல் தரும், கிளிக் இருக்காது. ரெட் தடங்கல் இல்லாமல் நேராக இறங்கும். பிரவுன் அமைதியானது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். கிளிக் இல்லை என்பது மட்டும்தான் உண்மை, அடியில் மோதும் சத்தம் ரெட் அளவுக்கு அதிலும் வரும்.

உங்களுக்கு வேண்டியது இவை எதுவும் இல்லை. சைலன்ட் லீனியர் என்று ஒரு வகை இருக்கிறது. ரெட் மாதிரியே தடங்கல் இல்லாமல் இறங்கும், ஆனால் உள்தண்டின் கால்களில் மெத்தென்ற சின்ன ரப்பர் துண்டுகள் இருக்கும். கீழே மோதுவதும் மேலே இடிப்பதும் இரண்டுமே அமுங்கிவிடும். செர்ரியின் சைலன்ட் ரெட் இப்படித்தான் வேலை செய்கிறது. அவுடெமு மலிவாகவே பல சைலன்ட் சுவிட்சுகள் விற்கிறது, உங்கள் பட்ஜெட்டுக்கு அதுதான் பொருந்தும். அடியில் தொடும்போது கொஞ்சம் மெத்தென்று இருக்கும், 'டக்' என்று நிற்காது. சிலருக்கு இது பிடிப்பதில்லை. ஒரு வாரம் தட்டினால் விரல் பழகிவிடும்.

சைலன்ட் சுவிட்ச் போட்டே வரும் கீபோர்டு 3,000 ரூபாய்க்குள் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் தேடி அலைய வேண்டும். அதனால் என் யோசனை இது: ஹாட்-ஸ்வாப் கீபோர்டாக வாங்குங்கள். சாதாரணக் கீபோர்டில் சுவிட்சுகளைச் சர்க்யூட் பலகையில் ஈயம் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். ஹாட்-ஸ்வாப்பில் சாக்கெட் இருக்கும், சுவிட்சை அதற்கான இடுக்கியால் பிடுங்கி வேறு மாட்டலாம். ரெட் சுவிட்சோடு வரும் ஹாட்-ஸ்வாப் கீபோர்டு இப்போது ஏறக்குறைய 2,000 முதல் 3,000 ரூபாய்க்குள் நிறையவே வருகிறது. முதலில் அதை வைத்தே ஒரு மாதம் வேலை செய்யுங்கள். கீழே சொல்லும் மேஜை வேலைகளைச் செய்த பிறகு ரெட்டே போதுமென்று அம்மா சொன்னால் மேற்கொண்டு செலவே இல்லை. போதாவிட்டால் சைலன்ட் சுவிட்ச் வாங்கி மாற்றுங்கள். சுவிட்ச் ஒன்று சுமார் 15 முதல் 30 ரூபாய். 68 விசை உள்ள சின்னக் கீபோர்டுக்கு, உடைந்தால் மாற்ற நாலைந்து சேர்த்து வாங்கினால் 1,100 முதல் 2,200 வரை ஆகும். மொத்தத்தையும் ஒரே நாளில் போடவேண்டியதில்லை. அதிகம் அடிபடும் எழுத்து விசைகளுக்கு மட்டும் முதலில் மாற்றி, அதிகம் தொடாத விசைகளைப் பழையபடி விட்டுவைத்தாலும் வீட்டில் வித்தியாசம் தெரியும்.

வாங்கும் பக்கத்தில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். 'மெக்கானிக்கல் ஃபீல்', 'செமி மெக்கானிக்கல்' என்று போட்டிருந்தால் அது மெக்கானிக்கல் இல்லை. உள்ளே ரப்பர் சவ்வு வைத்து, மேலே வண்ண விளக்குப் போட்ட சாதாரணக் கீபோர்டுதான். சுவிட்சின் பெயரும் நிறமும் விவரத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நகர்ந்துவிடுங்கள். இன்னொன்று சாக்கெட் வகை. சில மலிவுக் கீபோர்டுகளில் அவுடெமுவின் மெல்லிய கால்கள் மட்டுமே நுழையும் சின்ன துளை சாக்கெட் இருக்கும். அதில் கேட்டரானையோ கைலையோ அழுத்தினால் கால் மடங்கும், சாக்கெட்டும் கெடும். அவுடெமு சைலன்ட் வாங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. சுவிட்ச் மூன்று கால், ஐந்து கால் என்று இரண்டு விதம் வரும். ஐந்தில் இரண்டு வெறும் பிளாஸ்டிக் கால், பிடிமானத்துக்கு மட்டும். உங்கள் பலகையில் அதற்குத் துளை இல்லையென்றால் நகவெட்டியால் அந்த இரண்டை மட்டும் வெட்டிவிட்டு மாட்டலாம். செம்புக் கால்கள் பக்கம் போய்விடாதீர்கள்.

இப்போது தமிழுக்கு வருகிறேன், ஏனென்றால் பாதி வேலை தமிழில் என்று சொல்லியிருக்கிறீர்கள், அது சுவிட்ச் தேர்வையும் சத்தத்தையும் நேரடியாகத் தொடுகிறது. நீங்கள் ஆங்கில ஒலிப்பு முறையில் தட்டுகிறீர்கள் என்றால், தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்புக்கு மாறுவதே ஒரு சத்தக் குறைப்புதான். 'மதுரை' என்று எழுத ஒலிப்பு முறையில் எட்டு விசை (mathurai). தமிழ்99-இல் ம, த, உ, ர, ஐ என்று ஐந்தே. 'கண்ணன்' எழுத க, ண, ண, ன, புள்ளி, அவ்வளவுதான். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ஒலிப்பு முறைகள் பலவற்றில் ண, ள, ற எல்லாவற்றுக்கும் ஷிப்ட் பிடிக்க வேண்டும். தமிழ்99-இல் ஷிப்ட் கிரந்த எழுத்துகளுக்குத்தான். ஷிப்ட் ஸ்டெபிலைசர் உள்ள விசை என்பதை நினைவில் வையுங்கள், கடகடப்பதில் அதற்கும் பங்கு உண்டு. தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற இந்த அமைப்பு விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ளேயே இருக்கிறது, தனியாக எதுவும் இறக்க வேண்டாம். தமிழ் எழுத்து அச்சிட்ட கீகேப் தேடவும் வேண்டாம், ஒரு ஸ்டிக்கர் தாள் போதும், அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான்.

ஆனால் தமிழ்99-இல் உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். ந, ய, ச, ஞ, ண, ழ எல்லாம் வலது சுண்டுவிரலின் பாடு. ஆங்கிலத்தில் அந்த விரல் இவ்வளவு வேலை பார்ப்பதில்லை. அதனால் கனத்த சுவிட்ச் வேண்டாம். செர்ரியின் கணக்கில் ரெட்டை இறக்க 45 சென்டிநியூட்டன் அழுத்தம் வேண்டும். ப்ளூவில் கிளிக் விடுபடும் இடத்தில் 60 வரை போகும். இரவு முழுக்கத் தமிழ் தட்டினால் அந்த வித்தியாசம் சுண்டுவிரலில் வலியாகத் தெரியும். சைலன்ட் சுவிட்ச் வாங்கும்போதும் 40 முதல் 50-க்குள் இருக்கும் எண்ணைப் பார்த்து எடுங்கள்.

அளவு உங்கள் வேலையைப் பொறுத்தது. எழுத்து வேலை மட்டும் என்றால் அம்புக்குறி விசைகள் உள்ள 65 சதவீத அளவு போதும், தமிழ்99-க்கு வேண்டிய எல்லா விசையும் அதில் இருக்கும். டாலியில் கணக்கு எழுதுகிறவர் என்றால் எஃப் வரிசையும் எண் பலகையும் இல்லாமல் கஷ்டம், முழு அளவே எடுங்கள்.

பார்சல் வந்ததும் கீபோர்டை உடனே கழற்றாதீர்கள். எல்லா விசையையும் தட்டிப் பாருங்கள். ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழுகிறதா, ஸ்பேஸின் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி இறங்குகிறதா என்று பார்த்து, திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை வெறும் மேஜை வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்த மேஜை வேலைதான் எனக்கு இதில் மிக முக்கியம். கீபோர்டுக்கு ஆகும் யோசனையில் பாதியை மேஜைக்குக் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறேன், ஆனால் யாரும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. நம்மிடம் உள்ள கம்ப்யூட்டர் மேஜைகளில் பெரும்பாலானவை மரத்தூள் பலகை. கீபோர்டு வைக்க அடியில் இழுப்புத் தட்டு இருக்கும். மெல்லிய பலகை, இரண்டு பக்கமும் தகர ரெயில், நடுவில் தாங்கல் இல்லை. மேளத்தின் தோல் போல அது அதிரும், ரெயில் வேறு கூடவே சலசலக்கும். கீபோர்டை அதிலிருந்து எடுத்து மேல் பலகையில் வையுங்கள். காசே இல்லாமல் கிடைக்கும் பலன் இது. இரும்பு மடக்கு மேஜை என்றால் இன்னும் மோசம், அடியில் கனமாக ஏதாவது கட்டாயம் வேண்டும். யோகா மேட் துண்டு ஒன்றைக் கீபோர்டு அளவுக்கு வெட்டி வைக்கலாம். பழைய ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு, மேலே துணி மவுஸ்பேட் விரித்தாலும் நன்றாகவே வேலை செய்யும். துண்டு மட்டும் போட்டால் கீபோர்டு நகரும், ரப்பர் அடி உள்ள ஏதாவது ஒன்று இடையில் இருக்கட்டும்.

மேஜை கூடத்துச் சுவரில் ஒட்டி நின்றால் நாலு விரல் தள்ளிப் போடுங்கள். பீரோவைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதையும் விலக்குங்கள், பீரோக் கதவு அதிர்ந்து தரும் சத்தத்தைக் கீபோர்டின் தலையில் போடுகிறோம். அப்புறம் ஒன்று. கட்டிலில் படுப்பவருக்கும் பாயில் படுப்பவருக்கும் கேட்பது ஒன்றல்ல. அடியில் மோதும் அதிர்வு மேஜைக் கால் வழியாகத் தரைக்கு இறங்கும். காதைத் தரைக்குப் பக்கத்தில் வைத்துப் படுத்திருப்பவருக்கு அது 'தொம் தொம்' என்று கேட்கும். கதவைச் சாத்தினால் இது குறையாது. ஹார்டுவேர் கடையில் நாற்காலிக் காலுக்குப் போடும் ரப்பர் புஷ் நாலு வாங்கி மேஜைக் காலில் மாட்டுங்கள். கீழ் வீட்டில் குடியிருப்பவர் இருந்தால் அவருக்கும் நல்லது. கதவின் அடி இடுக்கை ஒரு பழைய சேலையைச் சுருட்டி அடைத்துவிடலாம். உயரமான, கூரான ஒலிகள் அந்த வழியாகத்தான் கூடத்துக்குப் போகின்றன.

கெடு முடிந்த பிறகு கீபோர்டைத் திறக்கலாம், இது உத்தரவாதத்தைப் பாதிக்கக்கூடும் என்பதைத் தெரிந்துகொண்டு. அடிப்பெட்டியில் உள்ள வெற்றிடத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் கைவேலைக்கு வாங்கும் ஃபோம் ஷீட்டை அளவாக வெட்டிப் போடுங்கள், எழுதுபொருள் கடையில் கிடைக்கும். திணித்து மூடக்கூடாது. பேட்டரி உள்ள வயர்லெஸ் கீபோர்டு என்றால் பேட்டரி மேல் எதுவும் அழுந்தவே கூடாது. சர்க்யூட் பலகையின் பின்பக்கம் பெயின்ட் கடை மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டுவார்கள். சத்தத்தின் குணம் கனமாக மாறும், அளவு பெரிதாகக் குறையாது. ராத்திரி வேலைக்காக என்றால் இதைத் தள்ளிவிடலாம்.

ஸ்டெபிலைசரைத் தள்ள முடியாது. எழுத்து விசைகள் எல்லாம் அமைதியான பிறகு ஸ்பேஸ் மட்டும் தனியாகக் கேட்கும், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒருமுறை. ஸ்பேஸ் கீகேப்பை இரண்டு பக்கமும் சமமாகப் பிடித்து மேலே எடுங்கள். கம்பி பிளாஸ்டிக்குக்குள் நுழையும் இரண்டு முனையிலும் பல்குத்தும் குச்சியால் கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) தடவுங்கள். வண்டி எலெக்ட்ரிக்கல் வேலை செய்கிறவர்கள் வைத்திருப்பார்கள், சின்ன டியூபாகவும் கிடைக்கும். தையல் மெஷின் எண்ணெய் வீட்டில் இருக்கிறதே என்று அதை விடாதீர்கள். அது மெலிதானது, ஓடிப்போய் சுவிட்சுக்குள் இறங்கி தூசியைப் பிடித்துவைக்கும். தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும், நாளானால் சிக்குப் பிடிக்கும். ஸ்பேஸ் கீகேப்பின் உள்பக்கக் குழியில் மெல்லிய ஃபோம் பட்டை ஒன்றை ஒட்டினால் அதன் வெற்றுச் சத்தமும் போய்விடும், தண்டு மாட்டும் இடங்களை மட்டும் விட்டுவிடுங்கள்.

கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹயர் முடித்தவர் என்றால் உங்கள் கை பலமாக இறங்கும். அந்த இயந்திரத்தில் எழுத்து ரிப்பன் வழியாகத் தாளில் பதிய அப்படித்தான் அடிக்க வேண்டியிருந்தது. இங்கே விசையின் முழு இறக்கம் 4 மில்லிமீட்டர், எழுத்து விழுவது ஏறக்குறைய 2-இல். மீதி 2 மில்லிமீட்டர் முழுக்கச் சத்தத்துக்குத்தான். விரலை உயரத் தூக்காமல், விசையின் மேல் இருந்தபடியே அழுத்திப் பழகுங்கள். வேகம் முதலில் குறையும், பிறகு திரும்ப வந்துவிடும்.

வெறும் அமைதி மட்டுமே நோக்கம் என்றால், மெக்கானிக்கலே வேண்டாம் என்றும் சொல்வேன். லேப்டாப்பில் இருப்பதுபோன்ற கத்தரி அமைப்பு உள்ள தட்டையான கீபோர்டு 1,000 ரூபாய்ச் சுற்றில் கிடைக்கும், சாதாரண ரெட்டைவிட அமைதியானது. ஆனால் அதன் உள்ளேயும் சவ்வுதான், நீங்களோ தினம் எட்டு மணி நேரம் தட்டுகிறீர்கள். சவ்வுக் கீபோர்டுகளுக்கு விசைக்கு 50 லட்சம் முதல் 1 கோடி அழுத்தம் என்றும், இந்த மலிவு மெக்கானிக்கல் சுவிட்சுகளுக்கே 5 கோடி என்றும் தயாரிப்பாளர்கள் போடுகிறார்கள். அதோடு ஒரு விசை கெட்டால் சவ்வுக் கீபோர்டு முழுதும் குப்பைக்கு. ஹாட்-ஸ்வாப்பில் ஒரு சுவிட்சை மாற்றினால் முடிந்தது.

மாற்றும்போது சுவிட்சை நேராகப் பிடுங்கி நேராக மாட்டுங்கள். மாட்டுமுன் ஒவ்வொன்றின் செம்புக் காலும் நிமிர்ந்திருக்கிறதா என்று பார்த்து, மடங்கியிருந்தால் இடுக்கியால் நிமிர்த்துங்கள். ஒரு விசை வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் கால் மடங்கியதுதான் காரணம், பலகை கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். கழற்றிய ரெட் சுவிட்சுகளை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். மாற்றாமல் விட்ட விசைகளில் ஏதாவது பழுதானால் அங்கே மாட்டிக்கொள்ளலாம்.